அறுபத்தோராவது பிள்ளை

மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி ஷட்டரைத் தூக்கினால் மூன்று நான்கு நாளில் தண்ணீர் கல்லணையைத் தொட்டுவிடும். அதற்குப் பிறகுதான் கணக்கு சிக்கலாகும். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, பெரிய வாய்க்கால் சின்ன வாய்க்காலாகி, கண்ணி வாய்க்காலுக்குள் நுழைந்து, சேதுபாவாசத்திரம் பக்கமோ தலைஞாயிறு பக்கமோ கடைசி வயலில் ஈரம் தட்டும் நாள் எது என்பதை மடை திறக்கும் லஸ்கர்கூடச் சொல்ல மாட்டார். தலைமடைக்காரர் நாற்று விட்டு முடித்திருப்பார். கடைமடைக்காரர் வரப்பில் குந்தி வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அதே ஜூனில்தான் பள்ளிக்கூடமும் திறக்கிறது. டெல்டாவின் அரசுப் பள்ளிகளில் எது நல்ல பள்ளி, எது சுமாரான பள்ளி என்று ஒப்பிடக் கிளம்புகிறவர்கள் தேர்ச்சிப் பட்டியலைக் கையில் எடுக்கும் முன் பாசன வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பார்ப்பது நல்லது. தண்ணீர் தாமதமாக வரும் ஊருக்கு ஆசிரியரும் தாமதமாகத்தான் வருகிறார். வந்தாலும் தேங்குவதில்லை.

பட்டியலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மாணவர்களுக்கு முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் பழக்கத்தை 2017-இல் அரசு நிறுத்தியது. ஆனால் மாவட்டங்களின் வரிசை இன்னும் போகவில்லை. மே மாதம் பிறந்தால் எந்த மாவட்டம் எத்தனையாவது இடம் என்பதுதான் டீக்கடைப் பேச்சு. தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டினால் சற்று தூரத்தில் அரியலூர் மாவட்டம். முந்திரிக்காடு, செம்மண், சிமென்ட் ஆலைக்குத் தோண்டிய சுண்ணாம்புக்கல் பள்ளங்கள். 2011 கணக்கெடுப்பில் அங்கே எழுத்தறிவு 71 சதவீதம் சொச்சம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்றுமே 82-க்கு மேல். அந்த அரியலூர்தான் 2024-இல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் 97.31 சதவீதத்துடன் மாநிலத்தில் முதலில் நின்றது. மாநிலச் சராசரி அப்போது 91.55. மறு வருடம் பிளஸ் டூவிலும் அதற்கே முதலிடம்: 98.82. மூன்று போகம் விளைந்த பூமி, பெரிய கோயிலும் சரஸ்வதி மகாலும் இருக்கும் பூமி, கொள்ளிடக் கரையில் நின்று அக்கரையைப் பார்க்க வேண்டியதாகிவிட்டது.

ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அரியலூர் சின்ன மாவட்டம், அதிகாரிகள் ஒவ்வொரு பள்ளியையும் விரல்விட்டு எண்ணிக் கவனிக்க முடியும் என்பது ஒன்று. எனக்குத் தோன்றுவது வேறு. அங்கே கையில் பசையுள்ளவர் பிள்ளையும் இல்லாதவர் பிள்ளையும் ஓரளவு ஒரே பள்ளியில்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள். நம் பக்கம் நிலம் வைத்திருந்தவர், அரசு வேலைக்குப் போனவர், வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் சம்பாதித்தவர் எல்லாரும் தங்கள் பிள்ளைகளை மஞ்சள் வேனில் ஏற்றிவிட்டார்கள். ஊரில் குரல் உள்ளவர்கள் வெளியேறிவிட்ட பள்ளிக்காக யார் போய் வட்டாரக் கல்வி அலுவலர் ஆபீஸில் சத்தம் போடுவது?

தேர்ச்சி விகிதத்துக்குள்ளும் ஒரு தந்திரம் உண்டு. எட்டாம் வகுப்புவரை எல்லாரையும் தேற்றிவிடுவோம். ஒன்பதாம் வகுப்பில்தான் சலிப்பார்கள். "இவன் பத்தாவதில் நம் பேரைக் கெடுத்துவிடுவான்" என்று முடிவானால் பெற்றோரைக் கூப்பிட்டு, டி.சி. வாங்கிக்கொண்டு வேறெங்காவது சேர்க்கச் சொல்வது தனியாருக்கு மட்டுமே உரிய வழக்கம் என்று யாராவது நினைத்தால் அவர் நல்லவர், வெள்ளை மனசுக்காரர். பதவிசான பிள்ளைகளை மட்டும் வைத்துக்கொண்டு வாங்கும் நூறைவிட, சேர்ந்தவர்களில் ஒருவரையும் கழற்றிவிடாமல் வாங்கும் எண்பத்தைந்து பெரிது. பட்டியலில் இரண்டும் வெறும் எண்கள்தான்.

இரண்டு வாத்தியார், ஐந்து வகுப்பு

அடுத்து எல்லாரும் பார்ப்பது ஆசிரியர்-மாணவர் விகிதம். கல்வி உரிமைச் சட்டம் 2009 சொல்வது எளிமையானது: தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு. இதைக் காகிதத்தில் படிக்கும்போது ஒரு குறையும் தெரியாது. ஒரு கிராமத்துக்குக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள்.

ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 18 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர். விகிதம் 9-க்கு ஒன்று. கொடைக்கானல் கான்வென்டில்கூடக் கிடைக்காத சொகுசு. ஆனால் வகுப்பு ஐந்து. ஐந்து வகுப்புக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல். இரண்டு ஆசிரியரில் ஒருவர் தலைமையாசிரியர். கல்வித் துறையின் 'எமிஸ்' இணையதளத்தில் வருகையைப் பதிவது, சத்துணவுக் கணக்கு, புத்தகம் செருப்பு சீருடை வாங்க ஒன்றிய அலுவலகத்துக்கு ஓடுவது, பயிற்சிக் கூட்டம், தேர்தல் வேலை எல்லாம் அவர் தலையில். அவர் இல்லாத நாளில் மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே ஹாலில் உட்காரவைத்து, ஒன்றாம் வகுப்புக்கு அ-னா ஆவன்னா, ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு என்று கரும்பலகையைக் கோடு போட்டுப் பிரித்துக்கொள்வார். அவருக்குக் காய்ச்சல் வந்தால், பக்கத்து ஊரிலிருந்து மாற்றுப்பணியில் ஒருவர் வர வேண்டும். அன்று அந்தப் பக்கத்து ஊர் பள்ளியில் ஓராசிரியர்.

இன்னொரு ஊரில் 60 பிள்ளைகள். அங்கேயும் அதே இரண்டு ஆசிரியர்தான். விகிதம் 30-க்கு ஒன்று, சட்டம் திருப்தி. இந்த இரண்டு பள்ளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விகிதத்தைக் கொண்டு எது மேல் என்று தீர்மானித்தால் பிழையாகத்தான் வரும். முதல் பள்ளியில் பிள்ளை குறைவு. ஆனால் ஒரு வகுப்பில் மூன்று நான்கு பேர்தான் என்பதால் சேர்ந்து படிக்கத் துணை இல்லை, விளையாட ஆள் இல்லை. இரண்டாவதில் ஆள் உண்டு, நோட்டைத் திருத்த நேரம் இல்லை. எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்பதை ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் 1-ஆம் தேதி நிலவரப்படி முடிவு செய்கிறார்கள். அன்று எண்ணிக்கை 61 என்றால் மூன்றாவது ஆசிரியருக்கு இடம் உண்டு. 60 என்றால் இல்லை. கூடுதலாக இருப்பவர் 'உபரி' ஆகிவிடுவார். உபரி என்பது அரசாணைச் சொல். அந்த ஆசிரியரின் கையைப் பிடித்து எழுதப் பழகிய ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அப்படிச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

இனி தலைமடை, கடைமடை விஷயம். இடமாறுதல் கலந்தாய்வில் முன்னுரிமைப் பட்டியல்படி ஆசிரியர்கள் ஊரைத் தேர்ந்தெடுப்பார்கள். தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் வீடு கட்டியவர், பஸ் நிற்கும் மெயின் ரோட்டுப் பள்ளியைத்தான் முதலில் கேட்பார். அதில் தப்பு காண முடியாது. அவருக்கும் பிள்ளை உண்டு, வயதான தாயார் உண்டு. பூதலூர், திருவையாறு, பாபநாசம் சாலையோரத்து இடங்கள் காலையிலேயே தீர்ந்துபோகும். கடைசியில் மிஞ்சுவது, இறங்கி இரண்டு மைல் நடக்க வேண்டிய கடலோரத்து ஊர். புதிதாக வேலைக்கு வந்த இளைஞர் ஒருவர் அங்கே போவார். பெரும்பாலும் நன்றாகவே நடத்துவார். பிள்ளைகள் அவரோடு ஒட்டிக்கொள்ளும் நேரத்தில் அடுத்த கலந்தாய்வு வரும். தஞ்சாவூர் மாவட்டத்தில் 14 ஒன்றியங்கள். ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு தலைமடையும் ஒரு கடைமடையும் இருக்கின்றன.

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ இருக்கும் பழைய அரசு உதவி பெறும் பள்ளிகளோடு ஒப்பிட்டால் இந்த வித்தியாசம் இன்னும் துலங்கும். அங்கே சம்பளம் அரசாங்கத்துடையது, நிர்வாகம் தனியாருடையது. ஆசிரியருக்கு மாறுதல் பயம் இல்லை. சேர்ந்த பள்ளியிலேயே முப்பது வருடம் இருந்து, அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே ஆசிரியர் கணக்குச் சொல்லிக்கொடுத்த குடும்பங்கள் உண்டு. ராமானுஜன் படித்த கும்பகோணம் டவுன் ஹைஸ்கூல் அந்த வகைதான். நியமனம் நிர்வாகத்தின் கையில் இருப்பதால் வரும் கோளாறுகளை ஊரே அறியும், அதை இங்கே விரிக்கவில்லை. ஆனால் ஒரே ஆசிரியர் நீண்ட காலம் இருப்பது என்ற ஒரு சங்கதிக்காக ஒன்றியப் பள்ளிகள் அவர்களைப் பார்த்து ஏங்கலாம்.

எழுத்து கடலிலிருந்து வந்தது

தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே வந்தது. பள்ளிக்கூடம் அப்படி வரவில்லை என்பது வரலாற்றின் குறும்பு. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, மறு வருடமே அங்கே பெண் குழந்தைகளுக்குப் பள்ளி வைத்தார். கடைமடைக்கும் கடைமடை, அலை அடிக்கும் இடம். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் சுவார்ட்ஸ் பாதிரியார் தஞ்சாவூருக்குள் ஆங்கிலப் பள்ளியைக் கொண்டுவந்தார். அவரிடம் வளர்ந்த இரண்டாம் சரபோஜி, 1800-களின் தொடக்கத்தில் ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் சத்திரத்தைக் கட்டினார். வழிப்போக்கருக்குச் சோறு, பிள்ளைகளுக்குப் பல மொழிகளில் பாடம், தங்க இடம், எல்லாம் ஒரே வளாகத்தில். சோறும் எழுத்தும் ஒரே கூரைக்குக் கீழே என்ற யோசனை இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

ஆனால் யாருக்குச் சோறு, யாருக்கு எழுத்து என்ற கேள்வி கூடவே நின்றது. சத்திரத்து விடுதிகளில் பிராமணப் பிள்ளைகள் மட்டுமே தங்கிப் படித்த நிலையை மாற்றி ஒரத்தநாட்டையும் ராஜாமடத்தையும் மற்றவர்களுக்கும் திறந்துவிட்ட பெருமை, ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த ஏ.டி. பன்னீர்செல்வத்தைச் சேரும். அப்போதும் கீழத்தஞ்சையின் பண்ணையாள் வீட்டுப் பிள்ளை உள்ளே வரவில்லை. அவன் மாடு மேய்த்துக்கொண்டிருந்தான். 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலி கேட்டதற்காக 44 பேர் கீழ்வெண்மணியில் எரிந்தது 1968 டிசம்பர் 25-இல். இன்று நாகை, திருவாரூர்ப் பக்கத்து ஒன்றியப் பள்ளி ஒன்றில் பதினைந்து பிள்ளைகள்தான் இருக்கின்றன, மூடிவிடலாமே என்று யாராவது வாய் திறந்தால், அந்தப் பதினைந்தில் எத்தனை வீட்டுக்கு இது மூன்றாவது தலைமுறைப் படிப்பு, எத்தனை வீட்டுக்கு இரண்டாவது என்று முதலில் கேட்க வேண்டும்.

வேதாரண்யத்தையும் குறிப்பிடாமல் போக முடியாது. உப்பு சத்தியாகிரகத்தில் ராஜாஜியோடு நின்ற சர்தார் வேதரத்தினம் பிள்ளை, 1946-இல் அங்கே கஸ்தூர்பா காந்தி கன்யா குருகுலத்தை ஆரம்பித்தார். பெண் பிள்ளைகள் தங்கிப் படிக்க ஓர் இடம். கடைமடையில் ஆசிரியர் தேங்க மாட்டார் என்று மேலே எழுதினேன். ஊரிலேயே ஒருவர் வேர்விட்டு நின்றால் தேங்குகிறார்.

கூரையும் காலைச் சோறும்

2004-க்குப் பிறகு இந்தப் பக்கத்தில் எந்தப் பள்ளிக்குள் நுழைந்தாலும் கண் தானாக மேலே போகும். அந்த வருடம் ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் 94 குழந்தைகள் கருகிய தீ, சமையல் கூடத்திலிருந்து கீற்றுக் கூரைக்குத் தாவியது. ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. வழி குறுகல். அதன் பிறகு தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கீற்று இறங்கியது, ஓடும் கான்கிரீட்டும் ஏறின. ஆகவே பள்ளிகளை ஒப்பிடுவோர் பட்டியலில் முதல் வரி கட்டடமாக இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கஜா புயல் 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யத்துக்கும் நாகைக்கும் இடையில் கரையேறியபோது, தென்னையும் ஓடும் பறந்த ஊர்களில் மக்கள் ஒதுங்கியது பள்ளிக் கட்டடங்களில்தான். கடலோரத்துப் பள்ளிக்கு இப்படி இன்னொரு வேலையும் உண்டு. அங்கே நவம்பரில் மழை விடுமுறையும் அதிகம். தஞ்சாவூர் நகரத்துப் பிள்ளை பாடம் படிக்கும் நாளில் வேதாரண்யத்துப் பிள்ளை தண்ணீர் வடியக் காத்திருக்கும். அரையாண்டுத் தேர்வு மட்டும் இருவருக்கும் ஒரே தேதியில் வரும்.

சோற்றுக்கு வருவோம். 1956-இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு, 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவு. காலைச் சிற்றுண்டி 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் தொடங்கியது. அதை மாநிலம் முழுக்க 31,008 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரித்தது 2023 ஆகஸ்ட் 25-இல், திருக்குவளையில், மு. கருணாநிதி படித்த ஒன்றியப் பள்ளியில். அரசியல் அடையாளம் அதில் இல்லாமலில்லை. ஆனால் டெல்டாவுக்கு அதன் பொருள் வேறு. நடவு நேரத்தில் பெண்கள் விடியும் முன்பே வயலில் இறங்கிவிடுவார்கள். நாற்றுப் பறிக்கப் போகும் தாய் அடுப்பைப் பற்றவைப்பது சிரமம். பிள்ளை பழைய சோற்றை உண்டோ உண்ணாமலோ வரும். பதினொரு மணிக்குத் தலைசுற்றி மேசையில் சாயும். இப்போது மகளிர் குழுப் பெண்கள் கிண்டிய உப்புமாவோ பொங்கலோ கிச்சடியோ சாம்பாரோடு தட்டில் இருக்கிறது. காலை எட்டேகாலுக்கு ஒரு பள்ளி எப்படி இருக்கிறது என்று பார்த்தால் அந்தப் பள்ளியின் நடப்பு பாதி தெரிந்துவிடும். தலைமையாசிரியர் தானும் ஒரு வாய் ருசி பார்க்கிறாரா, எல்லாரும் ஒரே வரிசையில் உட்காருகிறார்களா, யாராவது தனியாகத் தள்ளி உட்காருகிறார்களா என்று பார்க்கலாம். எமிஸில் இதற்கெல்லாம் கட்டம் இல்லை.

மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள, மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து ஒரு பத்தி படிக்கச் சொல்ல வேண்டும். 'அசர்' ஆய்வு நாடு முழுக்கக் கிராமங்களில் இதைத்தான் செய்கிறது. கொரோனாவுக்குப் பின், 2022-இல், தமிழ்நாட்டில் அப்படிப் படிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 4.8 சதவீதம், 2018-இல் அது 10.2. இதே 2022-இல்தான் கிராமத்துப் பிள்ளைகளில் அரசுப் பள்ளியில் சேர்ந்தோர் 67.4-லிருந்து 75.7 சதவீதமாக உயர்ந்திருந்தார்கள். வேன் கட்டணம் கட்ட முடியாமல் திரும்பி வந்தவர்கள் அதில் நிறைய. வந்தார்கள், எழுத்து மறந்து வந்தார்கள். அதற்கு மருந்தாக வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை வகுப்பு வாரியாக இல்லாமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை வாரியாகப் பிரித்தார்கள். பேரின் அழகு கிடக்கட்டும், யோசனை சரியானது: மூன்றாவதில் உட்கார்ந்துகொண்டு எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையை அரும்பு என்று ஒப்புக்கொள்ளவாவது செய்கிறது. ஐந்து வகுப்பையும் சேர்த்து நடத்தும் ஈராசிரியர் பள்ளிக்கு இது பழகிய வித்தை. அவர்கள் பேர் வைக்காமல் வெகுகாலமாகச் செய்துவந்ததுதான்.

அரசுப் பள்ளியில் படித்ததற்காகக் கிடைப்பவையும் இப்போது கணக்கில் வந்துவிட்டன. 2020-இல் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, பிறகு பொறியியல், வேளாண்மை, சட்டத்துக்கும் அதே. ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய். ஐந்தாம் வகுப்புவரை மெட்ரிக்குலேஷன், ஆறிலிருந்து அரசுப் பள்ளி என்று திட்டம் போடும் பெற்றோரும் இருக்கிறார்கள். கெட்டிக்காரர்கள்தான். ஆனால் இதில் அடிபடுவது ஒன்றியத் தொடக்கப் பள்ளி. மேல்நிலைப் பள்ளி நிரம்பும்போதும் ஊருக்குள்ளிருக்கும் சின்னப் பள்ளி காலியாகிறது.

அதனால்தான் ஏப்ரல், மே வெயிலில் தலைமையாசிரியர்கள் தெருவில் இறங்குகிறார்கள். பேனர் பிடித்து, சில ஊரில் பறை முழங்க, சேர்க்கைப் பேரணி. சில கிராமங்களில் ஊரே திரும்பிச் சீர் கொண்டுவரும்: தாம்பாளத்தில் பழம், வெற்றிலைபாக்கு, அதோடு மின்விசிறி, நாற்காலி, பீரோ, பானை, நோட்டுக் கட்டு. கல்விச் சீர் என்று பேர். தாய்மாமன் முறை செய்வது போல ஊர் பள்ளிக்கு முறை செய்கிறது. இதற்கு முன்னோடி உண்டு. 1950-களின் கடைசியில் நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்கள் பெஞ்சும் மணியும் கடிகாரமும் கொடுத்தார்கள். அந்தக் காலத்து மணி இன்னும் அடிக்கும் பள்ளிகள் இருக்கலாம். சீர் வரும் பள்ளியையும் வராத பள்ளியையும் ஒப்பிட்டால் பொருளின் மதிப்பு பெரிய விஷயமில்லை. சீர் தூக்கி வந்தவர்கள் அடுத்த மாதம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வருகிறார்களா, இல்லை மினிட்ஸ் நோட்டு வீட்டுக்குப் போய்க் கையெழுத்து வாங்கி வருகிறதா என்பதைப் பார்த்தால் போதும்.

ஜூலை கடைசியில் கடைமடைக்குத் தண்ணீர் வந்திருக்கும், சில வருடம் வந்திருக்காது. 59, 60 என்று நிற்கும் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கு அந்த ஒரு வாரம் தூக்கம் வராது. செங்கல் சூளைக்குப் போன குடும்பம் திரும்பிவிட்டதா, திருப்பூரிலிருந்து யாராவது பிள்ளையோடு ஊருக்கு வந்திருக்கிறார்களா, ஐந்து வயது ஆகியும் சேர்க்காத வீடு தோப்புப் பக்கம் இருக்கிறதா என்று விசாரித்தபடி, சேறு ஒட்டாமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்போடு நடப்பார்கள். ஒரு பெயர் கிடைத்தால் போதும். ஆதார் பிறகு வரட்டும், ஜாதிச் சான்றிதழ் பிறகு வரட்டும். ஆகஸ்ட் 1 அன்று காலை சேர்க்கைப் பதிவேட்டில் 61 என்று எழுதிவிட்டு, அந்தப் பிள்ளைக்கு முதல் நாளே வயிறு நிறையப் பொங்கல் வைக்கச் சொல்வார்கள்.